ஒரு சாண் தண்ணீர்

"வெள்ளம் தலைக்கு மேலே போய்விட்டால் சாண் என்ன, முழம் என்ன?" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். கஷ்டத்தில் முழுகிப் போனவனுக்கு அது ஆறுதலான வாக்குத்தான். ஆனால் சாணுக்கும் முழத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளும் மறக்க முடியாத ஜீவன் ஒன்று உலகத்தில் இருக்கிறது. ஒரு சாண் தண்ணீர் இருந்தால் அதற்குச் சாப்பாடு. அதுவே ஒரு முழமாக உயர்ந்தால் பட்டினி. ஒன்றுமில்லாமல் வறண்டால் ஊரை விட்டு ஓட்டம். நம் செங்கற்பட்டு ஜில்லாவில் அது சர்வ சாதாரணமாய்த் தென்படுகிறது. சாதாரணமாய் இருப்பதனாலேயே அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

மாமல்லபுரத்துக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்ப்பார்கள். அர்ச்சுனன் தபசைப் பார்ப்பார்கள். ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டுக் கிழக்கே அலைகளைப் பார்த்தபடி சுண்டல் சாப்பிடுவார்கள். மேற்குத் திசை என்று ஒன்று இருப்பது திரும்பி வரும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊர் இரண்டு தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே சமுத்திரம், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் அதையொட்டிய உப்பங்கழியும். சமுத்திரம் ஆழத்துக்குப் பெயர் போனது. இந்த உப்பங்கழியின் பெருமையோ அதன் ஆழமின்மைதான்.

திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, விடியற்காலையில் வரப்பு ஓரமாகச் சிறிது தூரம் நடந்தால் நான் சொல்லும் பறவையைக் காணலாம். உடம்பு வெண்மை, சிறகு கருமை, அலகு ஊசி போல் மெலிந்து நேராக இருக்கும். இவையெல்லாம் மற்றப் பறவைகளுக்கும் உண்டு. கால்கள்தான் விசேஷம். புறா அளவுள்ள உடம்புக்கு ஒரு சாணுக்கு நீண்ட கால்கள். அதுவும் ரோஜாச் சிவப்பு. படைத்தவன் கொக்குக்கு என்று செய்து வைத்திருந்த காலை அவசரத்தில் இதற்கு மாட்டிவிட்டானோ என்று தோன்றும். பறக்கும்போது அந்தக் கால்கள் வாலுக்குப் பின்னால் வெகு தூரம் நீட்டிக்கொண்டிருக்கும். முதன் முதலில் இதைப் பார்த்த என் மனையாள், "இதற்குப் புடவை எடுத்தால் பதினெட்டு முழமும் முழங்காலோடு நின்றுவிடும் போலிருக்கிறதே!" என்றாள்.

அவள் முழங்கால் என்று சொன்ன இடம் உண்மையில் முழங்கால் அல்ல, கணுக்கால். பறவைகளுக்கு முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. நடுக்காலில் பின்பக்கமாய் மடங்குகிறதே, அதுதான் கணு. ஆகவே இந்தப் பறவைக்குக் "கணுக்கால் ஆழம்" என்பது நமக்குள்ள அளவு அல்ல. அந்த நெட்டைக் காலின் உதவியால், மற்ற உள்ளான்கள் எட்ட முடியாத நீரில் இது நின்று, பூச்சிகளையும் சின்னஞ்சிறு நத்தை இறால்களையும் பொறுக்கித் தின்கிறது. ஆனால் அதற்கு மேல் ஆழமாகிவிட்டால் இதற்கும் எட்டாது. வாத்தைப் போல் நீந்தி இரை தேடுவதோ, நீர்க்காகத்தைப் போல் மூழ்குவதோ இதன் தொழில் அல்ல. சாண் வயிற்றை நிரப்பச் சாண் தண்ணீர் வேண்டும். அவ்வளவுதான் இதன் சாஸ்திரம்.

தமிழில் இதற்குப் பவளக்கால் உள்ளான் என்றும் நெடுங்கால் உள்ளான் என்றும் பெயர். பவளக்கால் என்பது எவ்வளவு அழகான பெயர்! ஆனால் "உள்ளான்" என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மில் சிலருக்கு வறுவல் ஞாபகம் வருகிறதே தவிரப் பவளம் ஞாபகம் வருவதில்லை.

இந்தப் பறவையை நான் ஊன்றிக் கவனிக்க ஆரம்பித்ததற்குக் காரணம், சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த ஒரு கடிதம். என் தமக்கையின் குமாரன் பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாயித் தீவுகளில், ஹொனலூலு நகரத்தில் உத்தியோகமாயிருக்கிறான். அவன் எழுதுவது குறைவு. படம் அனுப்புவது அதிகம். ஒரு நாள் ஒரு பறவையின் படத்தை அனுப்பி, "மாமாவுக்கு அநேக நமஸ்காரம். இந்தப் பறவையைப் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வரிசையாக நின்றோம். இரைந்து பேசக்கூடாது என்று காவலர் எச்சரித்தார். எனக்கு மட்டும் இதை எங்கேயோ தினந்தோறும் பார்த்த மாதிரி இருக்கிறது. நம் ஊர்க் கால்வாய் ஓரத்தில் நிற்குமே, அதுதானா?" என்று கேட்டிருந்தான்.

படத்தைப் பார்த்தேன். கழுத்திலும் முகத்திலும் கறுப்பு சற்று அதிகம். மற்றபடி நம் பவளக்காலியேதான். ஒரே குடும்பத்தில் பிறந்து, தூர தேசத்தில் வாழ்க்கைப்பட்ட சகோதரி என்று சொல்லலாம். ஹவாயி பாஷையில் அதற்கு "ஆயோ" என்று பெயர். நெட்டையாய் நிற்பது என்று பொருளாம். பொய்க்காலுக்கும் அந்த ஊரில் அதே வார்த்தைதான். ஆங்கிலத்திலும் இந்த ஜாதிப் பறவைகளுக்குப் பொய்க்கால் என்றே பெயர். ஒருவரையொருவர் பார்த்தறியாத ஜனங்கள் இந்தக் காலைக் கண்டதும் ஒரே உவமையைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் இரு சகோதரிகளின் ஜாதகமும் வேறு வேறு. நம் பவளக்காலி ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று மூன்று கண்டங்களில் பரவி, அபாயமில்லாத பறவை என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஹவாயிப் பறவையோ அந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லை. அங்கும் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டாயிரம்தான். ஒரு நடுத்தரக் கிராமத்தின் ஜனத்தொகை! 1970-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஸர்க்கார் அதை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. ஏன் அந்தக் கதி வந்தது என்று விசாரித்தபோது நான் படித்த சரித்திரம், பறவையின் சரித்திரமாக மட்டும் இல்லை.

ஹவாயி மக்கள் பழைய காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, வரப்புக் கட்டிய வயல்களில் தேக்கி, சேப்பங்கிழங்கு பயிரிட்டார்கள். நமக்கு நெல் எப்படியோ அப்படி அவர்களுக்குச் சேம்பு. நம் வயலைப் போலவே அதிலும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும். மனிதனுக்குக் கிழங்கு, நெட்டைக்காலிக்குப் பூச்சி. இருவருக்கும் வழக்கில்லை. பிறகு வெள்ளைக்காரக் கரும்பு முதலாளிகள் வந்தார்கள். தண்ணீர் கரும்புக்குப் போயிற்று. 1893-ல் அந்த முதலாளிகளும் வியாபாரிகளும் சேர்ந்து, லிலியுகலானி என்ற ராணியைச் சிங்காசனத்திலிருந்து இறக்கினார்கள். 1898-ல் தேசமே அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டது. சர்க்கரையைத் தொடர்ந்து துரைத்தனம் வருவது நாம் அறியாத கதையா?

ஹொனலூலுவில் வைகீகி என்று உலகப் பிரசித்தி பெற்ற கடற்கரை இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பீறிடும் நீர் என்று அர்த்தம். ஒரு காலத்தில் அங்கே சேப்ப வயல்களும் நெல் வயல்களும் மீன் குளங்களும் இருந்தன. 1920-களில் ஆலா வாயி என்ற கால்வாயை வெட்டி அந்த நீரையெல்லாம் வடித்துவிட்டார்கள். தோண்டிய மண்ணைக் கொண்டு வயல்களை மேடாக்கி, மேட்டின் மேல் ஓட்டல்களைக் கட்டினார்கள். பீறிட்ட நீர் பெயரில் மட்டும் மிஞ்சியது. நெட்டைக்காலி நிற்பதற்கு அங்கே ஒரு சாண் தண்ணீர் இல்லை.

இதைவிட விசித்திரமான ஒரு சமாசாரம் இருக்கிறது. அதில் நம் தேசத்துக்கும் சம்பந்தம் உண்டு. கரும்புத் தோட்டங்களில் எலித் தொல்லை அதிகமாயிற்று. எலியை ஒழிக்க என்ன வழி என்று முதலாளிகள் யோசித்தார்கள். 1872-ல் எஸ்பியூட் என்ற ஒரு தோட்டக்காரர், கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள ஜமெய்க்காவுக்கு வரவழைத்திருந்தார். அவை அங்கே பல்கிப் பெருகின. 1883-ல் அந்தக் கீரிகளின் சந்ததியைக் கப்பலில் ஏற்றி ஹவாயிக்குக் கொண்டுவந்தார்கள். கூலிக்காகக் கப்பலேறிய நம்மவர்களைப் போலவே கீரியும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியது!

நமக்குக் கீரி என்றால் கீரிப்பிள்ளை. தென்னம்பிள்ளை, அணிற்பிள்ளை என்று பிரியமானவற்றுக்குச் சேர்க்கும் அடைமொழியைக் கீரிக்கும் கொடுத்திருக்கிறோம். தொட்டில் குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றி, அவசரக்காரத் தாயின் கையால் உயிரை விட்ட கீரியின் கதையைக் கேட்டுக் கண் கலங்காத தமிழ்க் குழந்தை உண்டா? ஆனால் ஹவாயியில் நடந்தது வேறு. எலி இரவில் நடமாடும் பிராணி. கீரி பகலில் நடமாடும் பிராணி. இருவரும் பெரும்பாலும் சந்தித்துக்கொள்ளவேயில்லை. பசித்த கீரி தரையில் கிடந்த முட்டைகளைக் கண்டது. வௌவாலைத் தவிர வேறு பாலூட்டும் தரைப் பிராணியே பூர்வத்தில் இல்லாத தீவுகள் அவை. அங்குள்ள பறவைகளுக்குக் கீரியைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

கீரியோடு பூனையும் சேர்ந்துகொண்டது. கப்பலில் வந்த வீட்டுப் பூனைகள் காட்டுப் பூனைகளாகி, குஞ்சு பொரிக்கும் இடங்களில் காவல் இருந்தன. மாமல்லபுரத்துப் பாறையில், பின்னங்காலில் நின்று கைகளை உயரத் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்றைப் பல்லவ சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான் அல்லவா? அதன் காலடியில் எலிகள் பக்தியோடு கூடியிருக்கின்றன. பூனையின் தவத்துக்கு என்ன அர்த்தம் என்பது பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. ஹவாயிப் பறவைகள் அந்தப் பாறையைப் பார்த்ததில்லை.

இவ்வளவும் போதாதென்று 1939 வரையில் அந்தப் பறவையைச் சுட்டுத் தின்பதும் அங்கே வழக்கமாயிருந்தது. 1940-களில் அதன் எண்ணிக்கை சில நூறுகளாகக் குறைந்துவிட்டது என்பது நிபுணர்களின் மதிப்பு.

அது எப்படி இரண்டாயிரமாக ஏறியது? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. வேட்டையை நிறுத்தினார்கள், கீரிக்கும் பூனைக்கும் பொறி வைத்தார்கள், சரணாலயங்களை ஏற்படுத்தினார்கள். ஆனால் இவற்றோடு மற்றொன்றும் செய்தார்கள். தண்ணீரின் ஆழத்தை நிர்வகித்தார்கள். மதகு வைத்து, பருவத்துக்குத் தகுந்தபடி நீரை ஏற்றியும் இறக்கியும், அந்த ஒரு சாண் அளவைக் காப்பாற்றினார்கள். கவாயி என்ற தீவில் ஹனலே என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 1972-ல் ஏற்பட்ட சரணாலயத்துக்குள்ளேயே குடியானவர்கள் அநுமதி பெற்று இன்றும் சேம்பு பயிரிடுகிறார்கள். உழவன் தன் கிழங்குக்காகத் தேக்கும் தண்ணீரில் பறவையும் பிழைக்கிறது. 2021-ல் அமெரிக்க ஸர்க்கார், அந்தப் பறவையின் அபாயம் ஒரு படி குறைந்திருக்கிறதென்று பட்டியலில் மாற்றம் செய்ய யோசனை வெளியிட்டது. நூறு வருஷம் கெடுத்ததைச் சரி செய்ய ஐம்பது வருஷப் பாடு!

இதைப் படித்தபோது, பறவையைக் காப்பாற்றும் வித்தையைக் கற்க நாம் ஹவாயிக்குப் போக வேண்டியதில்லையே என்று எண்ணினேன். செங்கற்பட்டு ஜில்லா ஏரிகளின் ஜில்லா. இங்கே நம் வேடந்தாங்கல் இருக்கிறது.

வேடந்தாங்கல் ஏரி மிகவும் சிறியது. சரணாலயத்தின் விஸ்தீரணம் முப்பது ஹெக்டேர்தான். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே அந்தக் கிராமத்தார் அங்கு வரும் பறவைகளைத் தங்கள் வீட்டு விருந்தாளிகளாகப் பாவித்துக் காத்து வந்திருக்கிறார்கள். கும்பினிச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்று சொல்வார்கள். லயோனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர், 1798-ல் பறவைகளைச் சுடக்கூடாதென்று கௌல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. மதுராந்தகம் ஏரிக்கரையில் கொட்டும் மழையில் ராம லக்ஷ்மணர்கள் வில்லேந்திக் காவல் நிற்கக் கண்டதாகச் சொல்லப்படும் பிளேஸ் துரையும் இவரேதான். ஏரி காத்த ராமரின் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் ஏரியைக் காப்பது தெய்வமே செய்யத் தக்க வேலை என்று ஒரு ஜில்லா முழுவதும் நம்பியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

1798 என்றால் என்ன காலம்! அமெரிக்காவில் முதல் தேசியப் பூங்கா ஏற்படுவதற்கு எழுபத்து நான்கு வருஷங்களுக்கு முன். காகிதமும் மையும் கும்பினியுடையவை. கருத்து வேடந்தாங்கல் குடியானவனுடையது.

குடியானவன் அதை அன்பினால் மட்டும் செய்தானா? அன்பும் உண்டு, விவேகமும் உண்டு. ஆயிரக்கணக்கான பறவைகள் மரங்களில் தங்கி எச்சமிடுவதால் ஏரித் தண்ணீரே எருவாகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் செழிக்கிறது. பறவை கொடுக்கிறது, ஊர் காக்கிறது. சட்டப் புத்தகத்தில் எழுதாத இந்த ஒப்பந்தம், துரைத்தனங்கள் மாறியும் மாறாமல் நிற்கிறது. 1936-ல் அது சரணாலயமென்று அங்கீகாரம் பெற்றது. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் உலகப் பிரசித்தமான ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. ஹனலேயில் சேம்பு செய்த காரியத்தை வேடந்தாங்கலில் நெல் செய்தது. தண்ணீரால் பிழைக்கிற மனிதன் ஒருவன் கரையில் இருக்கும் வரையில் பறவைக்குக் காவல் உண்டு.

ஆனால் வேடந்தாங்கல் மரத்தில் கூடு கட்டும் பறவைகளின் ஊர். நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் ஏரிக்குள் நிற்கும் மரங்களின் மேல் குடும்பம் நடத்துகின்றன. பவளக்காலிக்கு மரம் உதவாது. அது தரையில், சேற்றுத் திட்டில், தண்ணீரின் ஓரத்தில் முட்டையிடும். அதற்கு வேண்டியது மாமல்லபுரத்துக்கு மேற்கேயும், கோவளம், முட்டுக்காடு, கேளம்பாக்கம் வரையிலும் கால்வாயை ஒட்டிக் கிடக்கும் சப்பையான உப்பங்கழிதான். அங்கே நெல் விளையாது. அப்படியானால் அந்தத் தண்ணீருக்குக் காவல் யார்?

இந்தக் கேள்வியோடு போன சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பவளக்காலிகள் என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் "கிக் கிக்" என்று கூக்குரலிட்டன. ஒன்று சற்றுத் தூரத்தில் இறங்கி, சிறகு முறிந்தது போல் தரையில் இழுத்துக்கொண்டு தள்ளாடியது. தண்ணீருக்குள் நாலைந்து ஸ்திரீகள் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். இருளர் சாதிப் பெண்கள். வலையில்லை, தூண்டிலில்லை, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதான அம்மாள் ஒருத்தி பறியைக் கையில் எடுத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"ஐயா, அங்க காலு வெக்காதீங்க. முட்டை கீது. அதான் அது பொய்யா நொண்டுது."

குனிந்து பார்த்தேன். பத்தடிக்கு அப்பால் ஒரு சிறு மேட்டில் நான்கு முட்டைகள். சேற்றுக்கும் அவற்றுக்கும் நிறத்தில் பேதமே இல்லை. நான் விலகி வரப்பில் போய் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் தாயோ தகப்பனோ, இரண்டும் முறை வைத்து அடை காப்பதால் எது என்று தெரியவில்லை, திரும்பி வந்தது. நேரே முட்டையின் மேல் உட்காரவில்லை. தண்ணீரில் இறங்கி வயிற்று இறகுகளை நன்றாய் நனைத்துக்கொண்டு, பிறகு போய் முட்டையின் மேல் அமர்ந்தது. வெயில் ஏற ஏற, பலமுறை அவ்விதம் செய்தது. மற்றப் பறவைகள் முட்டைக்குச் சூடு கொடுக்க அடை காக்கும்; சித்திரை வெயிலில் இதுவோ முட்டைக்குக் குளிர்ச்சி கொடுக்க அடை காக்கிறது. ஈரத் துணியைப் பிள்ளையின் நெற்றியில் போடும் தாயாரைப் போல் அது போய் வந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

"இதையெல்லாம் நீங்கள் பிடிக்கமாட்டீர்களா, அம்மா?" என்று கிழவியைக் கேட்டேன்.

"இது இருந்தா தண்ணி சரியா இருக்குதுன்னு அர்த்தமுங்க. எறாலும் இருக்கும். தண்ணி ஏறிப் போச்சுன்னா அதுக்கும் வேலையில்ல, எங்களுக்கும் வேலையில்ல" என்றாள்.

பெரிய பண்டிதர்களின் புஸ்தகங்களில் நான் தேடிய பதிலை அந்த அம்மாள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அந்த உப்பங்கழிக்குக் காவல்காரர்கள் இல்லாமலில்லை. ஆனால் பட்டா இல்லாத காவல்காரர்கள். வேடந்தாங்கல் மிராசுதாரர் கலெக்டர் கச்சேரிக்குப் போனார், கௌல் கிடைத்தது. ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பவள் எந்தக் கச்சேரிக்குப் போய் என்ன முறையிடுவாள்?

முறையிடும் அவசியம் இல்லாமலும் இல்லை. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 1965-ஆம் வருஷ வாக்கில் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர் இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். வீடும் ரஸ்தாவும் ஆபீஸும் குப்பையுமாக அதை நிரப்பி, பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக் காடாக்கினார்கள்; 2022-ல் அதுவும் ராம்சார் பட்டியலில் ஏறியது. இதற்கிடையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தச் சுற்றுப்புற வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, தன் பழைய விலாசத்தை விசாரித்துவிட்டுப் போயிற்று.

பறவைக்காகப் பட்டணத்து ஜனங்கள் தாகத்தோடு இருக்க வேண்டும் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடங்களோடு வரிசையில் நின்றதை நாம் எல்லோரும் கண்டோம். 2025 மார்ச்சில் சென்னை ஸர்க்காரின் வரவு செலவுத் திட்டத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. திருப்போரூர்ப் பக்கம், கோவளத்துக்கு அருகில், 1.6 டி. எம். சி. தண்ணீர் கொள்ளும் புது நீர்த்தேக்கம் ஒன்று அமைக்கப் போவதாக அது சொல்லிற்று. மழை நீர் வீணே கடலுக்குப் போகாமல் தேங்கினால் நல்லதுதான். ஆனால் "கடலுக்குப் போகும் நீர் வீண்" என்ற வார்த்தையைச் சொல்லும்போது, அது போகும் வழியில் ஒரு சாணாக நின்று யார் யாருக்குச் சோறு போட்டுவிட்டுப் போகிறது என்பதையும் கணக்கில் எழுத வேண்டாமா?

நீர்த்தேக்கம் என்றால் எல்லா இடமும் ஆழமாய்த்தான் இருக்க வேண்டும் என்பது இல்லை. நம் பழைய ஏரிகளைப் பாருங்கள். ஒரு புறம் உயர்ந்த கரை. எதிர்ப்புறம் தரை மெல்ல மெல்லச் சரிந்து தண்ணீரில் இறங்கும். தண்ணீர் வற்ற வற்ற அந்தச் சரிவில் ஒரு சாண் ஆழம் இடம் மாறிக்கொண்டே போகும். பறவையும் அதைத் தொடர்ந்து போகும். நான்கு புறமும் கல் பதித்துச் செங்குத்தாய்க் கரை எழுப்பினால் அந்தச் சரிவு போய்விடும். இப்படிப்பட்ட தேக்கம் எப்போது, எங்கே கட்டினாலும், ஒரு புறத்தில் சாய்வான கரையும், வெளியே கடல் நீர் வந்து போகும் சப்பைக் கழியும் மிஞ்சும்படி வரைபடத்தில் ஒரு கோடு சேர்க்கலாம். முறை வைத்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பிறந்த ஜில்லா இது. இங்கே அந்தக் கோட்டைப் போடத் தெரிந்த இஞ்சினீயர்களுக்குப் பஞ்சமா? வரைபடத்தை மேஜைமேல் விரிக்கும்போது அந்த ஓலைப்பறி அம்மாளையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது. எங்கே எத்தனை ஆழம் என்பதை அவள் கை விரல்களே அறியும்.

இந்த ஒரு சாண் தண்ணீரை அற்பமென்று எண்ணக் கூடாது. உப்பும் அதன் விளைச்சல்தானே? கடல் நீரைச் சப்பைப் பாத்தியில் நிறுத்தி வெயிலுக்குக் கொடுத்தால் உப்பு. ஆழக் கிணற்றில் நிறுத்தினால் வெறும் உப்புத் தண்ணீர். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தவர்கள், அப்படிப்பட்ட தண்ணீர் தந்த ஒரு பிடி உப்புக்காகத்தான் தடியடி பட்டுச் சிறை சென்றார்கள். அதை அடுத்த கோடியக்கரைச் சதுப்புகளிலும் பவளக்காலிகளும், வடதுருவப் பக்கத்திலிருந்து வரும் சின்ன உள்ளான்களும் மேய்கின்றன. சுயராஜ்யம் விளைந்த நிலத்தைத் தரிசு என்று கணக்கில் எழுதுவது எவ்விதத்தில் நியாயம்?

பவளக்காலிதான் ஏராளமாய் இருக்கிறதே, அதற்கு என்ன அவசரம் என்று சிலர் கேட்கக்கூடும். வளைந்த மூக்குடைய சிறு உள்ளான் ஒன்று ஸைபீரியாவிலிருந்து நம் கரைக்கு மாரிக் காலத்தில் வருகிறது. கோடியக்கரையில் அது ஒரு காலத்தில் பல்லாயிரக்கணக்கில் கூடியது. 2024 அக்டோபரில் உலகப் பாதுகாப்புச் சங்கத்தார் வலசை வரும் கரைப் பறவைகளில் பதினாறு இனங்களை அதிக அபாயமுள்ள படிகளுக்கு மாற்றினார்கள். அதில் அந்த உள்ளானும் ஒன்று. நேற்று ஏராளம், இன்று அபாயம். பறவை அருமையாவதற்கு வெகு காலம் முன்பே அதன் தண்ணீர் அருமையாகிவிடுகிறது. பறவையை எண்ணுகிறவர்கள் கவலைப்பட ஆரம்பிக்கும்போது தண்ணீர் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும்.

ஹவாயியில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஒரே நாளில் எல்லாத் தீவுகளிலும் ஆட்களை நிறுத்தி நீர்ப் பறவைகளை எண்ணுகிறார்களாம். பறவையின் காலில் வளையம் மாட்டி அடையாளம் வைத்திருக்கிறார்களாம். நல்ல காரியந்தான். ஆனால் பிள்ளையைத் தினந்தோறும் நிறுத்துப் பார்க்கும் வீடு, பிள்ளை பெரு வியாதியிலிருந்து எழுந்த வீடாகத்தான் இருக்கும். நம் பவளக்காலியை எண்ணி மாளாது என்று இருக்கிற இந்தக் காலத்தில் அதற்கு வேண்டியது மிகச் சொற்பம்: பொறி வேண்டாம், வளையம் வேண்டாம், லக்ஷக்கணக்கில் டாலரும் வேண்டாம். இருக்கிற சப்பைத் தண்ணீரைச் சப்பையாக இருக்க விட்டால் போதும்.

என் மருமானுக்கு, "அதுவேதான். இங்கே நிரம்ப இருக்கின்றன. பார்ப்பதற்கு வரிசையில் நிற்க வேண்டாம்" என்று பதில் எழுதிவிட்டேன். அவனுடைய குழந்தைகள் கோடை விடுமுறைக்கு வருவார்கள். அவர்கள் பெரியவர்களாகித் தங்கள் குழந்தைகளை அழைத்து வரும்போதும், இந்த ஜில்லாவிலிருந்து யாராவது ஒருவர் அதே மூன்று வாக்கியங்களை எழுதும்படி இருக்க வேண்டும்.